ரேடியேட்டர் படி

சூடான லாரி மூக்கின் மேல் சாரல் துளி விழுந்தால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. அதோடு டீசலும் நனைந்த படுதாவும் முந்தின நாள் ஏற்றிய வெண்டைக்காயும் கலந்த ஒரு வாசனை எழும்பும். தென்காசியில் ஆனி பிறந்து, மேற்கே மலை மேகத்துக்குள் போக ஆரம்பித்துவிட்டால், அறுபதைத் தொட்டுவிட்ட இந்த வயதிலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அருவி இல்லை, அந்தச் சத்தம்தான்.

அது எங்கள் லாரியின் மூக்கு. இப்போது ஓடுகிற லாரிகளுக்கெல்லாம் முகம் சப்பையாக இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிக்கு எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் கன்னம் உப்பினது போல மட்கார்டுகள் இருக்கும், அவற்றின் மேல் தவளைக் கண்ணாக இரண்டு விளக்குகள் நிற்கும். பாவூர்சத்திரம் சந்தையில் ‘மூக்கு வண்டி சுப்பையா’ என்றால் அது என் அப்பா. சொந்த வண்டி, அவரே டிரைவர். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பல்லாரி வெங்காயமும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் இறக்கிவிட்டு வருவார். வரும்போது வாயில் இரண்டு மலையாளச் சொற்களும் கூடவே வந்துவிடும். அம்மா எதையாவது நீட்டிப் பேசினால் ‘மதி, மதி’ என்பார். போதும் என்று அர்த்தமாம். அவர் பேச்சே மொத்தத்தில் ‘மதி’ அளவுதான்.

எனக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. ஆறு வயதில் முழங்கால் வரைக்கும் இரும்புச் சட்டம் வைத்த ஒரு பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். நடந்தால் டக்கு டக்கு என்று கேட்கும் என்பதால் தெருப் பிள்ளைகளுக்கு நான் ‘டக்கு செம்பகம்’. நானும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்ப்பேன், கூப்பிடுகிறவர்களிடம் கோபித்துக்கொண்டால் யாரோடு விளையாடுவது? பண்பொழிப் பக்கத்து வைத்தியர் ஒருவர், சாரல் காலம் முழுக்க ஞாயிறுதோறும் காலில் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் காட்டினால் நரம்புக்கு உயிர் வரும் என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லோடு கிடையாது. அதனால் அந்த இரண்டு மூன்று வருஷம், சீசன் ஞாயிறுகளில், பெட்டி காலியாகக் கடகடக்க நாங்கள் மூன்று பேரும் லாரியில் குற்றாலம் போனோம். நரம்புக்கு உயிர் வரவில்லை. எனக்கு அருவி பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான் லாபம்.

அந்தப் பயணங்களில் ஒரு வருத்தம் எனக்கு இருந்தது. வெளியே சொல்லாமல் ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வருத்தம். அப்பா என்னை ஒரு தடவைகூடத் தூக்கி லாரியில் ஏற்றியதில்லை. ஐந்தருவியில் பார்த்தால் அப்பாமார்கள் நல்ல கால் உள்ள பிள்ளைகளையே தோளில் சுமந்துகொண்டு போவார்கள், ஒரு பிள்ளை இறங்க மாட்டேன் என்று அழும், ஒரு பிள்ளை அப்பாவின் தலைமுடியைக் கடிவாளம் போலப் பிடித்திருக்கும். என் அப்பா லாரிக் கதவைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் நான் வெட்கத்தை விட்டு, “அப்பா, தூக்குங்க” என்று கை நீட்டிக் கேட்டுவிட்டேன். “ஏறு” என்றார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

எப்போதும் அப்படித்தான். நான் ஏற ஆரம்பித்ததும் அவர் முன்பக்கம் திரும்பி முன் டயரைக் காலால் இரண்டு உதை உதைப்பார், காற்று இருக்கிறதா என்று பார்க்கிறாராம். அப்புறம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மட்கார்டின் மேலிருக்கும் விளக்கின் பின்பக்கக் கிண்ணத்தைத் தேய்க்கத் தொடங்குவார். நான் மூச்சு வாங்கி, பூட்ஸை இழுத்துப் போட்டு, சீட்டில் உட்கார்ந்து, கதவை அடைக்கும் சத்தம் கேட்கும் வரைக்கும் தேய்ப்பார். வலது பக்க விளக்கு துருவேறிக் கறுத்துக் கிடந்தது. இடது பக்கக் கிண்ணம் மட்டும், முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல மின்னும். என் காலைப் பார்க்க அப்பாவுக்கு வெட்கம், அதனால்தான் திரும்பிக்கொள்கிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஏழு வயதில் கட்டிய முடிவு லேசில் இடியாது.

ஏறுவதற்கு அந்த வண்டியில் வசதி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கதவுக்குக் கீழே எல்லா லாரியிலும் நீளமாக ஒரு மிதிபலகை உண்டு. எனக்கு அது இடுப்பு உயரம். எங்கள் வண்டியில் இடது பக்கம் அந்தப் பலகைக்கும் கீழே, இரண்டு பட்டைக் கம்பியில் தொங்கினாற்போல, ஒரு சின்ன இரும்புப் படி இருந்தது. வழுக்காமல் இருக்கப் புள்ளி புள்ளியாக எழும்பிய தகடு, வெளி ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்கு மடிப்பு. எங்கள் வீட்டில் அதன் பெயர் ‘ரேடியேட்டர் படி’. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிற்பதற்காகப் போட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். கதவோரத்துத் தூணில் தாழ்வாக ஒரு கைப்பிடியும் இருந்தது. அது படுதாக் கயிறு கட்டுவதற்கு. படி இருந்தது, நான் மிதித்தேன். கைப்பிடி இருந்தது, நான் பிடித்தேன். ‘அவ்வோ சொல்லுத காரணத்தையெல்லாம் நம்பாதட்டி’ என்று அம்மா எப்போதாவது அப்பாவைக் காட்டிச் சிரித்துக்கொண்டு சொல்வாள். எந்தக் காரணத்தை என்று நான் கேட்டதில்லை.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா அந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுத்தார். நான் படித்து, தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வும் பெற்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் எங்கள் பையன்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேர் பார்க்கப் போனபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் அதன் அடியில் கொஞ்சம் கசப்பும் இருக்கும். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். எண்பத்தாறு வயது. இரண்டு முழங்காலும் போய், வீட்டுக்குள்ளேயே கம்பை ஊன்றி நடக்கிறார். இரண்டு வருஷம் முன்பு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் இரண்டு பேர் சட்டென்று அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் காருக்குள் வைத்தார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், வீடு வந்து சேரும் வரை எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு வாசல் தாண்டவே இல்லை. சாரல் வந்தால் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தருவிக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருவோமா என்றால், “என்னைத் தூக்கிப் போடவா? மதி” என்பார்.

போன வருஷம் பண்பொழியில் திருமலைக் குமாரசாமி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு தென்னந்தோப்பில் அந்த வண்டியைப் பார்த்தேன். பெட்டியின் பின்பலகையில் பாதி அழிந்து நின்ற எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நான் எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே படிக்கக் கற்றுக்கொண்ட எண் அது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. விலைக்குக் கேட்டதும் தோப்புக்காரர், “அந்தக் கோழி குஞ்சு பொரிக்கட்டும், பொறவு கொண்டு போங்க” என்றார். பொரிக்கிற வரைக்கும் காத்திருந்தோம். என்னத்துக்கு இந்தப் பழைய இரும்பு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. ஆட்டோவுக்கும் காருக்கும் வராத மனிதர் தன் லாரிக்கு வருவார், அடுத்த சாரலுக்குள் அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்விடலாம். இன்னொரு சாரல் அவருக்கு உண்டா என்று யார் கண்டது?

தென்காசியில் லாரிகளுக்குத் தகர வேலை பார்க்கும் பேச்சிமுத்துவின் பட்டறையில் வண்டியைக் கொண்டு விட்டோம். நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாது, கையும் ஓயாது. எஞ்சின் ஒருவழியாக உயிர் பிடித்துவிட்டது. உடம்புதான் பாதி இல்லை. வலது பக்கம் துருவோடாவது எல்லாம் இருந்தது. இடது பக்கத்தில் மட்கார்டு, விளக்கு, மூக்கின் பக்கத் தகடு, மிதிபலகை ஒன்றுமே இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்களிடம் அந்த வண்டியின் படம் ஒன்றுகூடக் கிடையாது. பேச்சிமுத்து அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. “வலது இருக்கில்லா, அது போதும்க்கா. அதைத் திருப்பிப் போட்டா இடது” என்றார்.

வலது மட்கார்டின் மேல் அட்டைகளை ஒட்டி வளைவை அளவெடுத்தார். அந்த அட்டையைப் புரட்டித் தகரத்தில் வைத்துக் கோடு போட்டு வெட்டினார். சாக்கில் மணலைக் கட்டி, அதன் மேல் தகரத்தை வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் குழிவு எடுத்தார். ஒரு நாளில் ஒரு சாண் வளையும். ஓரத்தில் கம்பியை வைத்து, சோமாசி ஓரம் மடிப்பது போலச் சன்னமாக மடித்தார். நான் ஓய்வு பெற்றவள்தானே, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள், “கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாத்துச் சொல்லுங்கக்கா, பழைய வண்டி இப்படியா இருந்துச்சி?” என்றார். ஏறும்போது இடது கை ஊன்றுகிற இடத்தை என் உள்ளங்கை அப்படியே வைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் உப்ப வேண்டும் என்றேன். போய் வலது பக்கத்தை மறுபடி அளந்தார், அட்டை அந்த இடத்தில் நெளிந்திருந்தது. அன்றையிலிருந்து பட்டறையில் எனக்கு மரியாதை கூடிவிட்டது, டீ சொல்லாமலே வரும்.

விளக்குக் கிண்ணத்துக்கு அவர் எங்கெங்கோ தேடினார், அந்த வடிவத்தில் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் பொருந்தியது எங்கள் அம்மா மாவு கரைத்த எவர்சில்வர் சட்டி. அடியில் ஓட்டை போட்டு, வாயில் கண்ணாடி மாட்டி, வலது விளக்கைப் போலவே கறுப்புப் பெயின்ட் அடிக்கப் போனவரை நான் தடுத்துவிட்டேன். இடது கிண்ணம் பளபளவென்று இருக்க வேண்டும், எங்கள் வண்டி அப்படித்தான் இருந்தது என்றேன். “ஒரு கண்ணு கறுப்பு, ஒரு கண்ணு வெள்ளையா? வண்டிக்குக் கண்ணுவலி வந்த மாதிரில்லா இருக்கும்” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நான் சொன்னபடியே விட்டார்.

மிதிபலகை மாட்டுகிற அன்றுதான் அது நடந்தது. அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். “அக்கா, இங்கன நாலு ஓட்டை இருக்கு. வலது பக்கம் இது இல்ல. கம்பெனி ஓட்டையும் இல்ல, பொறவு யாரோ கையால போட்டிருக்காவ. அடைச்சிரட்டா?”

குனிந்து பார்த்துவிட்டு நான் சாதாரணமாகச் சொன்னேன். “அதுவா? ரேடியேட்டர் படி. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நிக்கிறதுக்கு.”

பேச்சிமுத்து சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ரேடியேட்டர் மூடி மூக்கு நுனியிலல்லா இருக்கு. இங்கன நின்னு ஊத்தணும்னா ஆளுக்குக் கை ஆறடி நீளம் வேணும்க்கா. எந்த டிரைவரும் முன்னால பம்பர்ல ஏறி நின்னுதான் ஊத்துவான்.” சொல்லிக்கொண்டே ஒரு துண்டுத் தகட்டை அந்த ஓட்டைகளுக்கு நேராகத் தொங்கவிட்டுப் பிடித்துப் பார்த்தார். தரையிலிருந்து ஒன்றரைச் சாண்தான் வந்தது. “இது பெரியாளு மிதிக்கிற உயரமே இல்லையே. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குல்லா போட்டிருக்கு.”

நான் கதவோரத்துத் தூணைத் தடவினேன். பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு ஓட்டை விரலில் பட்டது. அவரும் பார்த்தார். படுதாக் கயிறு கட்டும் கைப்பிடி என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “படுதா பின்னால பெட்டிக்குல்லாக்கா, கயித்தை இங்கன கொண்டாந்து என்னத்துக்குக் கட்டணும்?” என்றார் பேச்சிமுத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். எழுந்து போய் டீ வாங்கி வந்தார்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அறுபது வயதுப் பொம்பளை, தகரப் பட்டறையில், பட்டப்பகலில். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் நிற்கவில்லை. படியின் ஓர மடிப்பு ஏன் என்று புரிந்தது, பூட்ஸ் வழுக்கி வெளியே வராமல் இருக்க. கைப்பிடி ஏன் அவ்வளவு தாழ்வு என்று புரிந்தது. எந்த டிரைவர் தன் லாரிக்கு ஒன்றரைச் சாண் உயரத்தில் படி வைப்பார்? வைத்துவிட்டு, சந்தையில் கேட்பவர்களிடமும் பிள்ளையிடமும் ரேடியேட்டர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். டக்கு செம்பகத்துக்காகப் போட்ட படி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றப் போட்ட படியில் நான் என் பாட்டுக்கு ஏறிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அப்பா, நம்ம பழைய வண்டில இடது பக்கம் ஒரு படி இருந்துச்சே, அது எதுக்கு?”

“ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தத்தாம்ட்டி.”

“மூடி முன்னால இருக்குப்பா.”

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அப்போ அப்படித்தான் ஊத்துவோம்” என்றார். பிறகு, “மதி” என்றார்.

நான்கு ஓட்டையையும் அடைக்க வேண்டாம் என்று பேச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே புள்ளித் தகடு வாங்கி வைத்திருந்தார். பழைய உயரத்திலேயே படியைத் தொங்கவிட்டு, ஓர மடிப்பை நான் சொன்னபடி எடுத்து, தூணில் கைப்பிடியையும் மாட்டினார்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. பாவூர்சத்திரம் சந்தையில் இன்றைக்கு மூக்கு வண்டி ஒன்றுகூடக் கிடையாது, சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்துவிட்டது. ஐந்தருவியில் நாங்கள் லாரியை நிறுத்துகிற மேடு இப்போது இல்லை, அங்கே வரிசையாகக் கடை வந்துவிட்டது. என் பூட்ஸ் இல்லை. அம்மா இல்லை. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, கம்பை ஊன்றி வாசல் படியில் நின்று வண்டியைப் பார்த்தார். வலது விளக்கைப் பார்த்தார், இடது விளக்கைப் பார்த்தார். மெல்ல நடந்து வந்தார். இடது பக்கக் கதவைத் திறந்துவிட்ட பேச்சிமுத்து, “வாங்க ஐயா, ஒரு கை பிடிச்சேன்னா ஏறிரலாம்” என்று அவரைத் தூக்கக் குனிந்தார். அப்பாவின் கை தோள் துண்டுக்குப் போனது.

“விடுங்க பேச்சிமுத்து. அவ்வோ ஏறிக்கிடுவாவ” என்றேன்.

அவர் தயங்கி விலகினார். நான் அப்பாவைப் பார்த்து “ஏறுங்க” என்றேன். சொல்லிவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு முன்பக்கம் திரும்பி, முன் டயரைக் காலால் இரண்டு உதை உதைத்தேன். அப்பா விழுந்துவிட்டால்? திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தலையை நிமிர்த்தினேன். மூக்குக்கு நேரே அந்த விளக்குக் கிண்ணம்.

கிண்ணத்துக்குள் அப்பா இருந்தார். ஒரு விரல் உயரத்துக்கு, வேட்டியோடு, தெள்ளத் தெளிவாக. முதுகுக்குப் பின்னால் இருந்த கதவும் படியும் கைப்பிடியும் அதில் அப்படியே தெரிந்தன. படியில் ஒரு காலை வைத்தார். கைப்பிடியைத் துழாவிப் பிடித்தார். மற்றக் காலை இழுத்துப் போட்டு, நின்று, மூச்சு வாங்கினார். நான் சேலை முந்தானையால் அந்தக் கிண்ணத்தைத் தேய்த்தேன். சாரல் புகையாகப் படியப் படியத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இதற்குள்தானே நான் ஏறியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் என்னைப் பார்க்காமல் இருந்ததில்லை.

கதவு அடைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அப்பா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், துண்டு தோளிலேயே கிடந்தது.

“என்னட்டி, டயர்ல காத்து இருக்கா?” என்றார்.

“இருக்குப்பா” என்றேன்.